காய்ந்தால் செத்துவிடும்

நுரையீரல் இல்லாமல் உயிர் வாழ முடியுமா என்று நான் போனில் தட்டிப் பார்த்தது, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் காலை பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றபடி. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் விலங்கியல் நடத்துகிறவள் நான். இந்தக் கேள்வியை ஒரு மாணவி கேட்டிருந்தால் முறைத்திருப்பேன். ஆனால் முந்தின நாள்தான் மதுரையில் நெஞ்சுநோய் டாக்டர் அப்பாவின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, இரண்டு பக்கமும் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லியிருந்தார். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடட்டும், மருந்து தொடரட்டும், பார்க்கலாம் என்றார். என்னத்தைப் பார்க்க? நானும்தான் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்ததெல்லாம் மாற்று அறுவை சிகிச்சை விளம்பரங்கள். அப்பாவின் வயதுக்கும் உடம்புக்கும் அது ஆகாது என்று டாக்டர் ஏற்கெனவே கையை விரித்துவிட்டார். தள்ளிக்கொண்டே போனபோது ஒரு படம் வந்தது. ஈரப் பாசியின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு பிராணி. பார்வைக்குப் பல்லி, ஆனால் செதில் கிடையாது, நகம் கிடையாது. வழவழத்த தோல், புடைத்த கண்கள். சாலமாண்டரில் ஒரு குடும்பத்துக்கே நுரையீரல் கிடையாது என்று கீழே எழுதியிருந்தது. கல்லூரியில் பரீட்சைக்காக ஒரு வரி படித்து மறந்துபோன விஷயம் அது. தோல் வழியாகவும் வாயின் உள்சவ்வு வழியாகவும் மூச்சை வாங்கிக்கொண்டு, அமெரிக்க மலைக்காடுகளில், மட்கிய மரத்துக்கு அடியிலும் ஓடைக் கல்லுக்கு அடியிலும் கோடிக்கணக்கான வருஷங்களாக அது பாட்டுக்குப் பிழைத்துக் கிடக்கிறது.

எனக்கு வியப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பீடி வாசமே அறியாத மனுஷன், இரண்டு நுரையீரலோடு பிறந்து, பல் தேய்க்க எழுந்து நின்றால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். இந்தச் சுண்டுவிரல் ஜந்துவுக்கு நுரையீரலே இல்லாமல் வாழ்க்கை நடக்கிறது. கடவுளுக்குக் கணக்கு தெரியாதா என்று பஸ்ஸிலேயே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு வயசான அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுத்தாள்.

அப்பா நாற்பது வருஷம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர். முதல் பதினொரு வருஷம் புளோ ரூமில், அதாவது பஞ்சுப் பொதியைப் பிரித்து அடித்துத் தூசி போக்குகிற இடத்தில். பஞ்சை விட்டுப் போன தூசியெல்லாம் எங்கே போயிருக்கும் என்பதை டாக்டரின் படத்தில்தான் நான் பார்த்தேன். பிறகு அவரை ஈரப்பதம் கொடுக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். காற்று காய்ந்தால் நூல் அறும். அதனால் மில்லுக்குள் நாள் முழுக்கத் தண்ணீரைப் பனியாகத் தெளித்து ஈரக்காற்று அனுப்ப வேண்டும். அந்தத் தண்ணீர், விசிறி, குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. "நூலுக்கு ஈரத்தக் குடுத்தோம், எங்களுக்குப் பஞ்சக் குடுத்தாவ" என்று முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கவும் மூச்சு வேண்டும் என்று ஆன பிறகு அதை விட்டுவிட்டார்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா போய் ஆறு வருஷம். கல்யாணம் வேண்டாம் என்று நான் இருந்துவிட்டது தன்னால்தான் என்று அப்பாவுக்கு ஒரு எண்ணம் உண்டு, எத்தனை தரம் இல்லை என்றாலும் கேட்க மாட்டார். நான் எட்டரைக்குப் பஸ் ஏறினால் திரும்பி வர ஐந்தரை ஆகும். அதுவரை அவருக்குத் துணை ஆக்சிஜன் மெஷினும், பக்கத்து வீட்டு அக்காவும். அக்காவின் வீட்டில் பேச்சு தெலுங்கு. அப்பாவை அண்ணன் முறை வைத்து 'அன்னய்யா' என்று கூப்பிடுவாள், மத்தியானம் வந்து ரசஞ்சோறு கொடுத்துவிட்டுப் போவாள்.

அன்று சாயங்காலம் பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். இனிப்புக்காக வாங்கவில்லை. மெல்லத் தேவையில்லாமல் வாயிலேயே கரைகிற சாப்பாடு எங்கள் பக்கத்தில் அதுதான். சோற்றை மெல்லும்போது அவரால் மூச்சு விட முடியாது. மென்றால் மூச்சு போகும், மூச்சு வாங்கினால் சோறு வாயில் நிற்கும். ஒரு துண்டை அவர் நாக்கில் வைத்துவிட்டு, வேறு பேச்சு இல்லாததால், பஸ்ஸில் பார்த்த படத்தைக் காட்டினேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் அப்போதெல்லாம் மூன்று சொல்லுக்கு ஒரு முறை நிறுத்துவார்.

"பல்லியா, ஏட்டி?"

"பல்லி இல்லப்பா. தவளைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்."

"நெசமாவே நுரையீரல் இல்லையா? பொறவு எப்படி இழுக்குது?"

"இழுக்கவே வேண்டாம். தோல் வழியாப் போயிரும். தோல் எப்பவும் ஈரமா இருக்கணும். காத்துல உள்ள ஆக்சிஜன் அந்த ஈரத்துல கரைஞ்சு உள்ள இறங்கும். அதுக்குத்தான் வெயில் படாத எடமாப் பாத்து, மட்கின இலைக்குள்ள கெடக்கு. மழை ராத்திரிக்கு மட்டும் வெளிய வரும். காஞ்சா செத்துரும்."

ஆசிரியை அல்லவா. ஒரு விஷயத்தைச் சொன்னால் அழுத்தி, முடிவு வரியோடு சொல்லித்தான் பழக்கம். காஞ்சா செத்துரும். அந்த இரண்டு சொல்லை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். அல்லது அதோடு கூட இன்னும் இரண்டு வரி சொல்லியிருக்கலாம்: அது குளிர்ந்த ரத்தப் பிராணி, அதற்குத் தேவை கொஞ்சம், மனுஷத் தோல் தடித்தது, மனுஷ உடம்பு பெரியது, நமக்கு இது நடக்காது என்று. வகுப்பில் வருஷா வருஷம் தவளைப் பாடத்தில் இதை நான் சொல்கிறேன். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதை அணைக்க எனக்கு மனசில்லை.

மறுநாள் நான் ஸ்கூலிலிருந்து வந்ததும், காற்றின் ஈரத்தை அளக்கிற தன் ஹைக்ரோமீட்டரைப் பரணிலிருந்து எடுக்கச் சொன்னார் அப்பா. ரிடயர் ஆனபோது மில்லில் கழித்துப்போட்டதைக் கேட்டு வாங்கி வந்தது. ஒரு மரப்பலகையில் இரண்டு வெப்பமானி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று சும்மா இருக்கும், அது டிரை. இன்னொன்றின் குமிழில் மெல்லிய துணி சுற்றி, துணியின் வால் கீழே ஒரு சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் தொங்கும், அது வெட். காற்று காய்ந்திருந்தால் துணியிலிருந்து தண்ணீர் வேகமாக ஆவியாகி, வெட் கீழே இறங்கிவிடும். காற்று ஈரமாக இருந்தால் இரண்டும் கிட்டக் கிட்ட நிற்கும். இரண்டும் ஒன்றாக நின்றால் நூற்றுக்கு நூறு ஈரம்.

"இல்லாட்டி," என்று அப்பா சொல்வார், "கிண்ணத்துல தண்ணி இல்லன்னு அர்த்தம்."

இது அவருடைய பழைய கதை. புதிதாக வந்த ஒருவன் கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டான். துணி காய்ந்து, இரண்டு வெப்பமானியும் ஒரே அளவில் நின்றன. அவன் பெருமையாக நோட்டில் நூறு என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே வறண்ட காற்றில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. "காஞ்சு போன துணியப் பாத்து நூறுன்னு எழுதுறவன், பொணத்தப் பாத்துத் தூங்குதுன்னு சொல்லுவான்" என்று அப்பா அவனைத் திட்டினாராம். மில்லில் அந்தத் திட்டு பிரபலம். அவருடைய பழைய ஆட்கள் வீட்டுக்கு வந்தால் இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள்.

பலகையைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். கண்ணாடி போட்டால் படுத்துக்கொண்டே படிக்கிற தூரம். டிரை முப்பத்தேழு, வெட் இருபத்தைந்து. ஆனி கடைசி, வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"பன்னண்டு டிகிரி வித்தியாசம். இதுல மனுசன் இருப்பானா?" என்றார். "மூணுக்குக் கொண்டு வரணும்."

அடுத்த நான்கு நாளில் நான் செய்ததை எண்ணினால் இன்றும் கூசுகிறது. இரண்டு சன்னலுக்கும் கோணிச்சாக்கு கட்டினேன். பிளாஸ்டிக் குழாயில் சூடான ஊசியால் துளை போட்டு, சாக்கின் மேல்விளிம்பில் கட்டி, மாடியில் இருந்த டிரம்மிலிருந்து தண்ணீர் சொட்ட விட்டேன். சாக்குக்குப் பின்னால் பழைய மேசை விசிறி. கட்டிலுக்கு அடியில் தாம்பாளங்களில் ஆற்று மணல் பரப்பி நனைத்தேன். ஒவ்வொன்றையும் அப்பா படுத்த இடத்திலிருந்து சொன்னார், நான் கூலி ஆள் போலச் செய்தேன். துளை பெரிதாகிவிட்டது என்று ஒரு குழாயைத் தூக்கிப் போடச் சொல்லி, வேறு வாங்கி வரச் செய்தார். பல மாதமாக யாரையும் வேலை வாங்காத மனுஷன், அந்த நான்கு நாளும் போர்மேனாக இருந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அய்யோ தேவுடா, இது என்ன டீச்சர், வீட்டுக்குள்ள கம்மாயா?" என்றாள். அப்பா அவளுக்கு சாலமாண்டரை விளக்கினார். மட்கின மரம், ஓடைக் கல், பாசி, எல்லாம். நான் ஒரு தரம் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில், "காஞ்சா செத்துரும்" என்றும் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் டிரம்முக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

ஐந்தாவது நாள் அவர் துணி கேட்டார். சத்திரப்பட்டிப் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணி, வெட் குமிழில் சுற்றுகிற மாதிரி மெல்லியது. அதை நனைத்துத் தன் நெஞ்சிலும் கையிலும் சுற்றச் சொன்னார்.

"அப்பா, அது தவளைச் சாதிக்குத்தான். நமக்கு ஆகாது."

"எனக்கு என்ன ஆகுது, சொல்லு. மருந்து ஆகுதா?"

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. அக்கா வீட்டிலிருந்து ஒரு சுருள் வாங்கி, நனைத்துப் பிழிந்து, எலும்பு எண்ணலாம் போலிருந்த அந்த நெஞ்சில் சுற்றினேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருப்பேன்.

அவர் தூங்கினார். இதை மறைக்கக் கூடாது. அன்று மத்தியானம் இரண்டு மணி நேரம், தலையணையில் சாய்ந்து, வாய் மூடி, தூங்கினார். டிரை முப்பது, வெட் இருபத்தேழு. மூன்று டிகிரி. விரலில் மாட்டி ரத்தத்து ஆக்சிஜனைப் பார்க்கிற கருவி எண்பத்தைந்து காட்டிக்கொண்டிருந்த இடத்தில் எண்பத்தொன்பது காட்டியது. அறை குளிர்ந்தது, பயம் குறைந்தது, அதனால் மூச்சு சீராயிற்று. காரணம் அவ்வளவுதான் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் நான் அடுப்படியில் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்.

அதற்கப்புறம் அது எங்கள் வாழ்க்கை ஆகிவிட்டது. ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, மணி, டிரை, வெட், வித்தியாசம் என்று அப்பா சொல்ல நான் எழுதுவேன். நான் ஸ்கூலில் இருக்கும்போது அக்கா எழுதுவாள், தெலுங்கு கலந்த கையெழுத்தில். சாயங்காலம் வந்ததும் முதலில் நோட்டைப் பார்ப்பேன். வரவர விரல் கருவியைப் பார்ப்பதைவிட நோட்டைப் பார்ப்பது அதிகமாயிற்று. வித்தியாசம் மூன்று என்றால் அப்பா நன்றாக இருக்கிறார் என்று மனசு முடிவு கட்டிக்கொள்ளும்.

பஸ்ஸில் தினமும் அந்தப் பிராணியைப் பற்றியே படித்தேன். சில இனங்கள் பிறந்த இடத்திலிருந்து சில அடிக்கு மேல் ஆயுசுக்கும் போவதில்லை. ஒரு மரக்கட்டை, அதன் அடியில் ஈரம், அதுதான் உலகம். மரம் வெட்டி வெயில் விழுந்தால் அந்த உலகம் முடிந்தது. தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, அவை காயாமல் காவல் கிடக்கும். இதையெல்லாம் அப்பாவிடம் சொல்வேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். "நம்ம மலையில இல்லையா, ஏட்டி?" என்று ஒரு நாள் கேட்டார். நம் மேற்கு மலையில் தவளை உண்டு, காலில்லாமல் மண்ணுக்குள் வாழ்கிற அதன் சொந்தக்காரர்கள் உண்டு, இது கிடையாது என்றேன். "யாரு பாத்தா? அய்யனார் கோயில் ஓடையில எந்தக் கல்லப் புரட்டிப் பாத்தாவ?" என்றார். இருக்கலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னதோ என்னவோ.

மூன்றாவது வாரம் அறைக்கு ஒரு வாசம் வந்தது. நான் உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். மழைக்குப் பிறகு காட்டில் இலை மட்கும் வாசம்.

"மில்லுக்கு அடியில தண்ணித் தொட்டி ரூம் இருக்கும்," என்றார் அப்பா. "அதே வாசம்."

அவருக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது, இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். படித்த பக்கங்களில் எல்லாம் அந்தப் பிராணியின் இடத்தை இப்படித்தான் சொல்லியிருந்தார்கள். சாக்கின் கீழ்விளிம்பில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ அரும்பியிருந்தது. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் புள்ளி விழுந்திருந்தது. ஒரு துணியை எடுத்துத் துடைத்தேன். துடைத்த இடம் ஒரு வாரத்தில் இன்னும் அகலமாகக் கறுத்தது. மறுபடியும் துடைத்தேன்.

அது என்ன என்று எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் ரொட்டித் துண்டை நனைத்து மூடி வைத்து, நான்காம் நாள் மாணவிகளுக்குக் காட்டுகிறவள் நான். பூசணத்தின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாது, காற்றில் பறக்கும், ஈரம் கண்ட இடத்தில் முளைக்கும் என்று கரும்பலகையில் படம் போடுகிறவள். ரொட்டியில் பார்த்தால் பூசணம், அப்பாவின் சுவரில் பார்த்தால் காடு. அந்த அளவுக்கு என் புத்தி மழுங்கியிருந்தது.

ஐந்தாவது வாரம் இருமல் மாறியது. பழைய இருமல் வறண்டது. இது அடியிலிருந்து புரண்டு வந்தது. பழுப்பாகக் கட்டி கட்டியாகச் சளி வந்தது, ஒரு நாள் அதில் ரத்தம். காய்ச்சல் அடித்தது. விரல் கருவி எழுபத்தெட்டு காட்டியது. ஆம்புலன்ஸில் மதுரைக்குப் போகும்போது அவர் என் கையைப் பிடித்து ஒன்று சொன்னார். கிருஷ்ணன்கோவில் தாண்டும் வரை எனக்கு அது புரியவில்லை. டிரம்மில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

டாக்டர் புதுப் படத்தைப் பார்த்தார், சளிச் சோதனையைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வீட்ல ஈரக்கசிவு இருக்கா? சுவத்துல பூசணம் ஏதும்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, குழாய், மணல், துணி. சாலமாண்டரையும் சொன்னேன். அவர் என் வேலை என்ன என்று கேட்டார். விலங்கியல் ஆசிரியை என்றேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். திட்டியிருக்கலாம்.

"ஏற்கெனவே கெட்டுப்போன நுரையீரல்ல பூசணம் போய் உக்காந்திருச்சு. அந்த ரூமை முழுசாக் காய வைங்க. அங்க ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது," என்றார். நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இது இல்லாட்டியும் ரொம்ப நாள் ஓடிருக்காதும்மா" என்று சேர்த்துக்கொண்டார். அது ஒரு நல்ல மனுஷன் ஒரு முட்டாளுக்குப் போட்ட பிச்சை. நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ரொம்ப நாள் இல்லை என்றால், எத்தனை நாள்? அதில் எத்தனையை நான் துடைத்துத் துடைத்துப் பரப்பினேன்?

பதினொரு நாள் ஆஸ்பத்திரி. அக்காவை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு நாள் நான் மட்டும் வீட்டுக்கு வந்திருந்தேன். சாக்குகளை அவிழ்த்து மாடியில் போட்டு எரித்தேன். மணலைத் தெருவில் கொட்டினேன். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சுவரைச் சுரண்டினேன். பீரோவுக்குப் பின்னால் என் உயரத்துக்கு ஏறியிருந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, காயவிட்டு, ஆள் வைத்து வெள்ளையடித்தேன். சன்னலைத் திறந்ததும் வெயில் கட்டில் வரைக்கும் வந்து விழுந்தது. ஹைக்ரோமீட்டர் பலகையை மட்டும் கழற்ற மனசு வரவில்லை. கிண்ணத்துத் தண்ணீர் எப்போதோ வற்றியிருந்தது. துணி மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்து, மெஷினைப் போட்டு, குழாயை மூக்கில் மாட்டினேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சன்னல், வெள்ளைச் சுவர், கட்டிலுக்கு அடியில் வெறும் தரை. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி," என்றார். அப்போது இரண்டு சொல்லுக்கே நிறுத்த வேண்டியிருந்தது. "காஞ்சா செத்துரும்னு... நீதான சொன்ன."

என் அப்பா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அடித்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்.

பூசணம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், தன் கையால் தானே கட்டிய அறை தன்னைக் கொல்கிறது என்று அவருக்குத் தெரிந்துபோகும். அதைச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. "ஈரமாத்தான்ப்பா இருக்கு. வேற ஏற்பாடு பண்ணிருக்கேன், வெளிய மிஷின் வச்சு. அங்க பாருங்க," என்று சுவரைக் காட்டினேன்.

டிரை முப்பத்துநான்கு. வெட் முப்பத்துநான்கு.

அப்பா கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். நாற்பது வருஷ மில்காரர் அந்தப் பலகையைப் பார்க்கிறார், நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

"ரெண்டும் ஒண்ணா நிக்கி," என்றார்.

"ஆமாப்பா."

"அப்ப நூறு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "எழுதிக்கோ."

எழுதினேன். ஒரு பூஜ்யம் கோட்டுக்கு வெளியே போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு முதலில் ஒரு நிம்மதி, அடுத்த நொடியே பயம். அந்தப் புதுப் பையனைத் திட்டிய மனுஷனுக்கு, இன்று காய்ந்த துணி தெரியவில்லை. அவ்வளவு தூரம் போய்விட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

இப்படியே மூன்று நாள். மணிக்கு ஒரு தரம் கண் திறப்பார், சுவரைப் பார்ப்பார். "நூறு" என்பார். நான் எழுதுவேன். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க நூறு, நூறு, நூறு. ஸ்கூலுக்கு லீவு போட்டிருந்தேன். கிண்ணம் தப்பித்தவறி நனைந்துவிடக் கூடாது என்று அந்தப் பக்கம் தண்ணீர்ச் செம்பைக்கூட வைக்கவில்லை. அக்காவிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

நான்காம் நாள் காலையில், அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பேர் அவரைப் பார்க்க வருவதாகப் போன் வந்தது. பத்து மணிக்கு வருகிறார்கள் என்று அவர் காதருகில் சொன்னேன். சட்டை மாற்றிவிடச் சொன்னார். தலை வாரிவிட்டேன். பலகைப் பக்கம் கையை லேசாகத் தூக்கினார்.

"அந்தக் கிண்ணத்துல... கொஞ்சம் தண்ணி ஊத்திரு," என்றார். "அவிய பாத்தா... சிரிப்பாவ."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

செம்பை எடுத்து வந்து ஊற்றினேன். காய்ந்த துணி தண்ணீரை இழுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வெட் இறங்கத் தொடங்கியது. முப்பத்துமூன்று, முப்பது, இருபத்தெட்டு. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருபத்தைந்தில் நின்றது.

பழக்கத்தில் நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

"இத எழுத வேண்டாம்," என்றார் அப்பா.